பெனிஸ்டனின் முறை

முத்தையாபுரம்
24 நவம்பர் 2024

அன்புள்ள செல்விக்கு,

உன் போன் நம்பர் என்னிடம் இல்லை. போன சனிக்கிழமை ஆத்தூரில் உன் அண்ணனின் வெற்றிலைக் கடைக்குப் போய்க் கேட்டேன். "நம்பர் தந்தா செல்வி என்னய கொன்னுருவா டீச்சர். அட்ரஸ் வேணும்னா எழுதிக்கிடுங்க" என்றார். அதனால் இந்தக் கடிதம்.

வருகிற ஜனவரி 21 வந்தால் தம்பி பெனிஸ்டன் போய்ப் பதினைந்து வருடம். எங்கள் பள்ளியில் வருடா வருடம் அவன் பெயரில் வீரர் நினைவு நாள் நடத்துவது உனக்குத் தெரியும். இந்த முறை பெரிதாகச் செய்கிறார்கள். பெனிஸ்டனின் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள், ஆள் உயரத்துக்கு. அதை அவன் மகள் ஜெப்ஸிதான் திறக்க வேண்டும் என்று தாளாளர் சத்தியராஜ் ஐயா விரும்புகிறார். இரண்டு பேருக்கும் ரயில் டிக்கெட் அனுப்புவார்களாம்.

அது பள்ளி கேட்பது. நான் கேட்பது வேறு. ஜெப்ஸியை நான் பார்த்தது அவள் பிறந்த நாற்பதாம் நாளில். இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு என்று உன் அண்ணன் சொன்னார். என் வகுப்பில் அந்த வயதில் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். பெயர் கூப்பிடும்போது சில நாள் அவர்களில் ஒருத்தியை அவள் முகமாக நினைத்துப் பார்ப்பேன். எந்த முகமும் சரியாக வராது.

போன வருடம் அம்மா இறந்தது உனக்குத் தெரிந்திருக்கும். நீ வராததைக் குறையாகச் சொல்லவில்லை. இப்போது இந்த வீட்டில் நான் மட்டும்தான். துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் சத்தம் இருப்பதால் அவ்வளவு தெரியவில்லை.

வருவாயா?

மதினி கிருபை


ஓசூர்
3 டிசம்பர் 2024

மதினி,

வர மாட்டோம்.

காரணம் தெரியாதவர் போல எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

2010 மார்ச் மாதம் உங்கள் பள்ளியில் நினைவுக் கூட்டம். எனக்கு எட்டாம் மாதம். முன்வரிசையில் உட்கார வைத்தீர்கள். நாடகம் என்று சொன்னீர்கள், என்ன நாடகம் என்று சொல்லவில்லை. கறுப்புத் துணி கட்டிய மூன்று பையன்கள் வந்தார்கள். அவர் வேஷம் போட்ட பையன் அவர்களை ஒவ்வொருவராகச் சுட்டான். ஒவ்வொருத்தன் விழும்போதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு அவன் சட்டையில் சிவப்பு மை ஊற்றினார்கள். அவனும் விழுந்தான். அதற்கும் கைதட்டினார்கள்.

எல்லைப் பனிமலையில் அவர் எப்படிச் செத்தார் என்று பட்டாள அதிகாரி எழுதிய இங்கிலீஷ் கடிதத்தை எனக்கு வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டியது யார்? நீங்கள்தானே? பனிச்சரிவு என்று வாசித்த அதே வாயால் அந்த நாடகத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் கல்யாணத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு உங்கள் வீட்டிலிருந்து வந்தது நீங்கள் ஒருத்திதான். ஊரே சாதி, மதம் என்று பேசியபோது நீங்கள் எனக்குத் தாலிச் சங்கிலி எடுத்து வந்தீர்கள். அதனால்தான் மற்ற யார் மேலும் இல்லாத கோபம் உங்கள் மேல்.

இன்னொன்றும் இருக்கிறது. ஜெப்ஸிக்கு ஆறு வயதில் அப்பா எப்படி இறந்தார் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். மண்வெட்டியோடு பனி அள்ளப் போனார், மலை சரிந்துவிட்டது என்று. போன ஆகஸ்டில் உங்கள் பள்ளி யூடியூபில் போட்டிருந்த நாடகம் அவள் கண்ணில் பட்டது. என்னிடம் வந்து கேட்டாள்: "அப்பா அஞ்சு பேரைச் சுட்டிருக்காரு. நீ ஏம்மா மறைச்ச? பனி அள்ளினாரு, பனி அள்ளினாருன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். எவ்வளவு கேவலமா இருக்கு தெரியுமா?"

மூன்று பேர் எப்போது ஐந்து பேர் ஆனார்கள்?

நான் சொன்ன அப்பாவை விட நீங்கள் எழுதிய அப்பாவைத்தான் அவளுக்குப் பிடித்திருக்கிறது. என்னைப் பொய்க்காரி என்கிறாள்.

செல்வி


முத்தையாபுரம்
11 டிசம்பர் 2024

செல்வி,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் பிரித்தேன். முதல் பக்கம் முடிந்ததும் மடித்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். இரண்டாம் பக்கத்தை வாசிக்க மூன்று நாளாயிற்று.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். நியாயப்படுத்த இல்லை. யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமாவது சொல்ல வேண்டும்.

தம்பியை அடக்கம் பண்ணிவிட்டுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நிற்கிறேன். மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர் பக்கத்தில் வந்தார். நல்ல மனிதர், அழுதிருந்தார். "ஏம்மா டீச்சர், தம்பி எத்தன பேரப் போட்டுட்டுப் போனான்?" என்று கேட்டார். என் கைப்பையில் அதிகாரியின் கடிதம் இருந்தது. கூரையிலிருந்து பனி அள்ளும்போது என்று அதில் எழுதியிருந்தது. அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு பேரு அண்ணாச்சி" என்றேன்.

ஏன் மூன்று? தெரியவில்லை. ஒன்று என்றால் குறைவாக இருந்திருக்கும்.

சாயங்காலத்துக்குள் முத்தையாபுரம் முழுக்க மூன்று பேர் என்று ஆகிவிட்டது. தாளாளர் கூட்டம் வைத்தார், நாடகம் எழுதச் சொன்னார். மூன்று பேரை எழுதினேன். நான்கைந்து வருடம் கழித்துப் பி.டி. மாஸ்டர் "மேடை வெறிச்சுன்னு இருக்கு டீச்சர்" என்று இன்னும் இரண்டு பையன்களைச் சேர்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றே பொய் என்றால் ஐந்தை எப்படி மறுப்பேன்?

பனி அள்ளிச் செத்தான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, செல்வி. வரலாறு படித்தவள், வரலாறு நடத்துகிறவள். என் தம்பியின் சாவு எனக்குப் போதவில்லை.

போன சனிக்கிழமை கொடி நாள். பிள்ளைகளோடு கொடி விற்கப் போயிருந்தோம். என் வகுப்பில் ஸ்டெபி என்று ஒரு பிள்ளை. அவள் அம்மா உப்பளத்தில் வேலை பார்க்கிறாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், நான் நெட்ல தேடிப் பாத்தேன். அந்த வருசம் அங்கன சண்டைன்னு ஒண்ணும் போடலயே?" எல்லாம் நெட்டில் வராது என்றேன். அவள் "சரி டீச்சர்" என்றாள். நம்பிய குரல் இல்லை அது.

உன் கடிதம் அதற்கு முந்தின நாள்தான் வந்திருந்தது.

என்ன செய்யச் சொல்கிறாய்?

கிருபை


ஓசூர்
19 டிசம்பர் 2024

மதினி,

என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? எந்த மேடையில் சொன்னீர்களோ அதே மேடையில் நின்று உள்ளதைச் சொல்லுங்கள். அதையும் யாராவது போனில் பிடிக்கட்டும். நான் சொல்லி ஜெப்ஸி நம்ப மாட்டாள். உங்கள் வாயால் வந்தால்தான் நம்புவாள்.

ஜனவரி 26 அன்று அவள் பள்ளியில் அப்பாவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேச்சை எழுதி மனப்பாடம் பண்ணுகிறாள். குளியலறையில் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பது எனக்குக் கேட்கிறது. அதில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும்.

இதோடு ஒரு கடிதத்தின் நகல் வைத்திருக்கிறேன். வன்னியபெருமாள் எழுதியது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், மலை மேல் அவரோடு அதே தகரக் கூண்டில் காவலுக்கு இருந்தவர். 2012இல் லீவில் வந்தவர் ஓசூர் வரைக்கும் தேடி வந்தார். பேச்சு வராமல் அழுதுவிட்டு, திரும்பிப் போய் இதை எழுதினார். அவர் எழுதியிருப்பது:

"அக்கா, நாங்கள் அஞ்சு பேர் ஒரு கூண்டில். பனி விழுந்துகொண்டே இருக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஒருத்தர் வெளியே போய்க் கூரையையும் புகைக்குழாயையும் அள்ளிச் சுத்தம் பண்ணணும். இல்லன்னா உள்ளே இருக்கிறவங்க அடுப்புப் புகையில மூச்சு முட்டிச் செத்துருவாங்க. முறை வச்சிருந்தோம். மத்தியானம் ரெண்டு மணி அண்ணன் முறை. அதுக்கு முந்தினது என் முறை. அண்ணன் குழாயைச் சுத்தம் பண்ணி முடிச்சது எங்களுக்கு உள்ளே கேட்டுச்சு, மண்வெட்டியால ரெண்டு தட்டு தட்டுவாரு. அதுக்கப்புறம்தான் சரிஞ்சுச்சு. குழாய் திறந்து கிடந்ததால நாங்க நாலு பேரும் பொழச்சோம். அவரு வேணும்னு போயி உயிரைக் குடுத்தாருன்னு சொன்னா அது பொய். அவரு முறை, போனாரு. எல்லாரும் அப்படித்தான் போவோம்."

இதைச் சொல்லுங்கள், போதும்.

செல்வி


முத்தையாபுரம்
6 ஜனவரி 2025

அன்புள்ள செல்விக்கு,

வன்னியபெருமாளின் கடிதத்தை எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியவில்லை. அந்த இரண்டு தட்டு.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்ததும் தாளாளரைப் பார்த்தேன். கடிதத்தைக் காட்டினேன். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு சொன்னார்: "டீச்சர், பிள்ளைகளுக்குக் கதைதான் நிக்கும். மம்பட்டியக் காட்டி எவனப் பட்டாளத்துக்கு அனுப்ப? படம் வரஞ்சாச்சு, துப்பாக்கியோட. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஆள் வாராங்க. இத்தன வருசம் சொன்னது பொய்னா ஸ்கூல் பேரு என்னாவும்? உங்க பேரு என்னாவும்?"

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் என் பெயர் என்ன ஆகும் என்று அவர் கேட்டதும் கடிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டேன். இந்த ஊரில் என்னை மீன்காரியிலிருந்து பாஸ்டர் வரைக்கும் "பெனிஸ்டன் அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

ஒத்திகை நடக்கிறது. இந்த வருடம் தம்பி வேஷம் போடுகிற பையன் மரியான், பத்தாம் வகுப்பு. நன்றாக விழுகிறான்.

இந்த ஒரு வருடம் போகட்டும் என்று கேட்டால் கோபப்படுவாயா? ஜெப்ஸிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன். அவளுக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

கிருபை


ஓசூர்
11 ஜனவரி 2025

மதினி,

தனியாக எழுத வேண்டாம். வந்தால் கிழித்துவிடுவேன். ஊருக்கு ஒன்று, என் பிள்ளைக்கு ஒன்று என்று இரண்டு அப்பா அவளுக்குத் தேவையில்லை.

இனிமேல் எழுதாதீர்கள்.

செல்வி


முத்தையாபுரம்
22 ஜனவரி 2025

செல்வி,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் வாசி.

நேற்றுக் காலை வரைக்கும் நான் எதுவும் முடிவு பண்ணவில்லை. சொல்லிவிட்டேன் என்பதால் தைரியசாலி என்று நினைத்துவிடாதே. ஜெபம் முடிந்தது, படத்தைத் திறந்தார்கள். படத்தில் தம்பி முகம் தம்பி மாதிரியே இல்லை, துப்பாக்கி மட்டும் அச்சாக இருந்தது. நாடகத்தை அறிமுகப்படுத்த மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். வருடா வருடம் சொல்கிற முதல் வரி வாயில் இருந்தது. எதிரே தரையில் எண்ணூறு பிள்ளைகள். மூன்றாவது வரிசையில் ஸ்டெபி என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்து விரலால் தரையில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. அதைப் பார்த்த பிறகு அந்த வரியை என்னால் சொல்ல முடியவில்லை.

"உப்பு அம்பாரம் சரிஞ்சு யாராவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலிருந்து ஒரு பையன், "எங்க மாமா காலு மாட்டிக்கிட்டு டீச்சர், போன கோடையில" என்றான். ஸ்டெபி தலையைத் தூக்கினாள். "சரியும்போது சத்தமே கேக்காது டீச்சர். எங்க அம்ம சொல்லும்" என்றாள்.

இங்கே யாரும் பனியைப் பார்த்ததில்லை, செல்வி. ஆனால் பாதிப் பேரின் வீட்டில் உப்பளத்து வேலை. வெள்ளையில் வெயில் பட்டுக் கண் கூசுவது தெரியும். அள்ள அள்ள மறுபடி அள்ளுவது தெரியும். பாளம் பாளமாகக் கை வெடிப்பது தெரியும். அந்த மலையை உப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கூண்டைச் சொன்னேன், ஐந்து பேரைச் சொன்னேன், புகைக்குழாயைச் சொன்னேன். இரண்டு மணிக்கு பெனிஸ்டனின் முறை என்றேன். பதினைந்து வருடம் இந்தப் பிள்ளைகளுக்குத் தியாகம், வீரம் என்று எத்தனை பெரிய வார்த்தைகள் சொல்லியிருக்கிறேன். முறை என்றதும் அவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. வீட்டில் தண்ணீர் பிடிப்பதற்கும் முறைதானே.

"அப்ப சுட்டது?" என்று ஒருவன் கேட்டான்.

"யாரையும் சுடல. அது நான் சொன்ன பொய்."

நான் தாளாளர் பக்கம் பார்க்கவில்லை. கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்திருந்த அதிகாரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடை ஓரத்தில் வேஷத்தோடு நின்ற மரியான், "ஏலே, இப்ப துப்பாக்கிய என்னல செய்ய?" என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டது மைக்கில் விழுந்துவிட்டது. "தூரப் போட்டுட்டு மம்பட்டி எடுத்துட்டு வாலே" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அது கேலியா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தம்பி இருந்திருந்தால் அவனும் சிரித்திருப்பான்.

சிரிப்பு அடங்கியதும் ஸ்டெபி எழுந்து, "உள்ள இருந்த நாலு பேரும் இப்ப எங்கன இருக்காங்க டீச்சர்?" என்று கேட்டாள். ஒருவரைத்தான் தெரியும், மற்ற மூவரைத் தெரியாது என்றேன். இத்தனை வருடத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

நாடகம் நடக்கவில்லை. இரண்டு நிமிட மௌனம் மட்டும். போன வருடங்களில் இந்த இடத்தில் சில பிள்ளைகள் அழுவார்கள். நேற்று யாரும் அழவில்லை. யோசித்தார்கள் என்று சொல்ல ஆசைதான். பசித்தும் இருந்திருக்கும், மணி பன்னிரண்டரை.

மத்தியானம் தாளாளர் கூப்பிட்டார். இனிமேல் நினைவு நாள் பொறுப்பு எனக்கு இல்லை. "நீங்க சொன்னது சரிதான் டீச்சர். ஆனா என்கிட்ட சொல்லிட்டுச் சொல்லியிருக்கணும்" என்றார். சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஸ்டாஃப் ரூமில் நேற்றிலிருந்து யாரும் என்னிடம் பேசவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் அந்த அண்ணாச்சியின் கடை திறந்திருந்தது. நான் வருவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு பிள்ளையின் அம்மா எல்லாவற்றையும் போனில் எடுத்திருந்தாள். பள்ளி அதைப் போடாது. பென் டிரைவில் ஏற்றி இதோடு வைத்திருக்கிறேன். ஸ்பீட் போஸ்ட், 26க்கு முன்னால் வந்துவிடும் என்றார்கள். ஜெப்ஸிக்குக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

கிருபை


ஓசூர்
1 பிப்ரவரி 2025

மதினி,

25ஆம் தேதி சாயங்காலம் வந்தது. ஜெப்ஸியிடம் அப்படியே கொடுத்துவிட்டேன்.

முதல் முறை பார்த்துவிட்டு, "அத்தையை யாரோ மிரட்டிச் சொல்ல வச்சிருக்காங்க" என்றாள். மறுபடியும் பார்த்தாள். மூன்றாம் முறை பார்க்கும்போது கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் பேசப் போகவில்லை. காய்ச்சல் என்று டீச்சருக்குச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். உங்களைத் திட்டிவிட்டு நானும் ஒரு பொய் சொல்லிவிட்டேன் பாருங்கள்.

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. உங்கள் மேலும் கோபம், என் மேலும் கோபம், செத்துப்போன அவர் மேலும் கோபம். அஞ்சு பேரைச் சுட்ட அப்பா ஆறு மாதம்தான் அவளோடு இருந்தார். அவரையும் பிடுங்கிக்கொண்டோம். போன வியாழக்கிழமை சாப்பிடும்போது, "அப்பாவுக்குக் குளிர் ஆகுமாம்மா?" என்று கேட்டாள். ஆகாது, முத்தையாபுரத்தில் மார்கழியிலேயே போர்வை கேட்பார் என்றேன். "அப்புறம் எப்படிம்மா போனாரு?" என்றாள். அது அப்பா முறை என்றேன். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு உங்கள் நம்பரைக் கேட்டாள். உங்கள் கடைசிக் கடிதத்தின் உறையில் இருந்ததைக் காட்டினேன்.

கூப்பிடுவாள். எப்போது என்று தெரியாது. எடுங்கள். என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. நாடகத்துக்காக மட்டும்தான் இத்தனை வருடம் உங்களோடு பேசவில்லை என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வீடியோவில் உங்கள் குரல் வந்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். நீங்கள் பேசுவது அவர் பேசுவது போலவே இருக்கிறது, மதினி. வரி முடியும்போது அவர் குரல் இறங்கும் பாருங்கள், அதே இறக்கம். அவர் பேசி ரெக்கார்ட் ஆனது என்னிடம் ஒன்றுகூட இல்லை. எங்களிடம் இருந்த பழைய போனில் அதெல்லாம் ஏது?

ஜெப்ஸிக்கு இது தெரியாது. நான் சொல்லவில்லை. அவள் கூப்பிடும்போது போனை என்னிடம் கொடுக்கச் சொல்லிவிடாதீர்கள்.

செல்வி


முத்தையாபுரம்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள செல்விக்கு,

இன்று ஆராதனை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. நம்பர் தெரியவில்லை, ஆனால் தெரிந்துவிட்டது.

"அத்தையா?" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் "ம்" என்றாள். அப்பா சின்ன வயதில் எப்படி என்று கேட்டாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டுக் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்க மாட்டான், நானே தரதரவென்று இழுத்துப் போவேன் என்றேன். சிரித்தாளா என்று தெரியவில்லை. பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"பேசுங்க அத்தை" என்றாள்.

"என்னத்த ஏளா பேச?"

"எதாவது."

இரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வராததைச் சொன்னேன். மீன் விலையைச் சொன்னேன். மரியான் போன வாரம் பள்ளிக்கே வரவில்லை, விசாரித்தால் அம்மை போட்டிருக்கிறது என்றேன். ஸ்டெபி மற்ற மூன்று பேரின் பெயரைக் கண்டுபிடிக்க வன்னியபெருமாளுக்கு எழுதலாமா என்று கேட்டுக்கொண்டிருப்பதைச் சொன்னேன். அதற்கும் அவளிடமிருந்து "ம்" என்றுகூட வரவில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் நான் இத்தனை நேரம் பேசி வருடக்கணக்காகிறது.

கடைசியில், "நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கியே ஏளா, கேக்கியா?" என்றேன்.

"நான் இல்ல அத்தை" என்றாள். "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அம்மா கேட்டுட்டு இருக்காங்க."

சட்டென்று போனை வைத்துவிட்டேன். வைத்திருக்கக் கூடாது, செல்வி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். நீ ஒன்றும் பேச வேண்டாம். நான் பேசுகிறேன்.

மதினி கிருபை